மூன்று கடைகள்

பயிற்சித்தாளில் இருந்தது இவ்வளவுதான்:
மூன்று கடைகளுக்குப் போ.
மூன்றிலும் திக்கிப் பேசு.
கேட்பவர் முகத்தைப் பார், தரையைப் பார்க்காதே.
திரும்பி வந்து ஒரு பக்கம் எழுது.

எப்படிப் பொய்யாகத் திக்குவது என்று
பேராசிரியர் கோமோ வகுப்பில் காட்டியிருந்தார்.
உதட்டை மூடு. காற்றைத் திறக்காதே.
மெய் மட்டும் வந்து நிற்கட்டும், தலையில் புள்ளியோடு.
உயிரை விட்டுவிடாதே, பிடித்து வை.
பதினான்கு பேர் ஒரே நேரத்தில் ப், ப், ப் என்றோம்
மூடி தட்டும் பானைகளைப் போல.
சிரித்தோம்.
அவர் சிரிக்கவில்லை.

ஹாலிஃபாக்ஸில் அன்று கடலே தெரியாத மூடுபனி.
துறைமுகத்துச் சங்கு
நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே எழுத்தை நீட்டியது.
அதன் வாக்கியத்தை முடித்துவைக்க
யாரும் முன்வரவில்லை.

மருந்துக்கடையில், தொண்டைக்கு மிட்டாய் கேட்கப் போய்
த் த் த் என்று நின்றேன்.
தலைவலியா, தைலமா, தண்ணீர் பாட்டிலா
என்று மூன்று சொற்களை என் முன் அடுக்கினாள் கடைக்காரி,
ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு நகரேன் என்பதுபோல.
தைலத்தோடு வெளியே வந்தேன்.
குறிப்பு: காத்திருந்த நேரம், இரண்டு வினாடி.

கைபேசிக் கடைக்காரன் குரலை உயர்த்தினான்,
கோளாறு என் காதில் என்று நினைத்து.

மூன்றாவது, சரிவில் இருந்த ரொட்டிக்கடை.
பெயர்ப்பட்டையில் லாக்லன்.
பத்தொன்பது வயதிருக்கும், காதோரம் மாவு.
ஒரு ப்ப்ப் என்றேன், ஒரு ப்ப்
இடுக்கியைக் கீழே வைத்துவிட்டான்.
என் பின்னால் ஐந்து பேர்.
ஒருவர் கார்ச் சாவியைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.
லாக்லன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.
உலகத்தில் இருக்கிற நேரமெல்லாம்
அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்
ரொட்டிகளோடு அடுக்கியிருப்பதுபோல நின்றான்.
ப்ளூபெர்ரி மஃபின், என்று முடித்தேன்.

இ... இ... இருக்கு, என்றான்.
இ... இன்னிக்குக் காலையில போட்டது.

அவனுடைய இடது கண் இறுகியது.
தாடை ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது.
கழுத்தில் ஒரு நரம்பு.
இதில் எதையும் நான் நடித்திருக்கவில்லை.
என் திக்கலில் பயமே இல்லை என்பது
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது;
அது மழைக்கோட்டு மாதிரி,
வீட்டுக்குப் போனதும் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம்.

பையில் இரண்டு மஃபின்கள் போட்டான்.
ஒன்றுக்குத்தான் காசு வாங்கினான்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
வி... வியாழக்கிழமை நூலகத்துல கூடுவோம்,
எ... எங்க மாதிரி ஆளுங்க. வாயேன்.

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும்.
ஆனால் அந்த உண்மை
தடுக்கலின்றி, வழுவழுவென்று வெளியே வரும்;
அறைவதைவிட மோசம் அது.
ந... ந... நன்றி, என்றேன்.
பாடத்தில் இல்லாத பொய் அது ஒன்றுதான்.

வாசலில் கைபேசி அடித்தது.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவன் இருந்தான்.
படகுத்துறை வரைக்கும் எடுக்கவில்லை.

அறிக்கையில் இரண்டு கடைகளை எழுதினேன்.
கோமோ பச்சை மையில் கேட்டிருந்தார்: மூன்றாவது?
தாளின் கீழே, நான்கு விரல்கடை வெள்ளை.
இரண்டாவது மஃபின் குளிர்பெட்டியில் ஒரு வாரம் இருந்து
கல்லானது. தூக்கியெறியவும் முடியவில்லை.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு
நூலகப் படியில் ஒத்திகை பார்த்தேன்:
நான் மாணவி. அன்று கடையில் நான் செய்தது பயிற்சி.
எட்டே சொற்கள். எண்ணிப் பார்த்துவிட்டேன்.
ஒன்றிலும் சிக்கலில்லை.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு லாக்லன் வந்தான்,
கையில் மீந்துபோன ரொட்டித் தட்டு.
வ... வந்துட்டியா, என்றான்.

நான் மாணவி, என்று தொடங்க
நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது.
இதற்கு மதிப்பெண் கிடையாது.
மெய் வந்து நின்றது
தலையில் புள்ளியோடு.

குளிர் உள்ளே போய்க்கொண்டிருந்தது.
அவன் கதவை விடவில்லை.